போன வருஷத்துப் பஞ்சாங்கம்

அத்தியாயம் 14

“அம்மா, நான் மனசுக்குள்ள நெனைக்கறது சுவாமிக்குக் கேக்கும்னா, பக்கத்துல நிக்கறவாளுக்கும் கேக்குமா?”

ஏழு வயதில், கபாலீசுவரர் கோயிலில், பிரதோஷக் கூட்டத்துக்கு நடுவே வெங்கடரமணன் கேட்ட கேள்வி இது. சுப்புலக்ஷ்மி சிரித்துவிட்டாள். சுவாமிக்கு மட்டும்தான் கேட்கும், அவர் யாரிடமும் போய்ச் சொல்லமாட்டார் என்று அவன் தலையைத் தடவிச் சொன்னாள்.

அந்தப் பதிலை நம்பித்தான் ரமணன் இருபத்தெட்டு வயது வரை வந்து சேர்ந்தான்.

அவன் மனம் எந்தப் பெண்ணிடமும் போனதில்லை. போன இடம் செழியன். ஒரு கட்டடக் காண்டிராக்டரிடம் வரைபடம் போடுகிறவன். திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் அறை எடுத்திருப்பவன். இப்படிப்பட்ட நேசத்துக்கு நம் வீடுகளில் பெயர் கிடையாது. தெருவில் இருக்கிற பெயர்கள் அச்சில் ஏறத் தகாதவை. பெயரே இல்லாததை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று ரமணனுக்குத் தெரியவில்லை. சொல்லவில்லை.

செழியன் எழுதிய ஒன்பது கடிதங்களில் எட்டை அவன் எரித்துவிட்டான். ஒன்பதாவதை எரிக்க மனம் வரவில்லை. அதைப் பூஜை அலமாரியில், போன யுவ வருஷத்துத் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்குள் வைத்தான். வருஷம் பிறந்தால் புதுப் பஞ்சாங்கம் வந்துவிடும். பழையதை யார் புரட்டப்போகிறார்கள்?

புரட்ட ஒருவர் வந்துவிட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ரமணன் எந்தப் பெண்ணைப் பார்க்கப் போவதாக ஏற்பாடோ, அந்தப் பெண்ணின் அப்பா, கோபாலபுரம் சுப்பராமன். அவருடைய மூத்த பெண்ணுக்குப் போன வருஷம் பிறந்த குழந்தைக்கு ஆண்டு நிறைவு ஆயுஷ்ஹோமம் வருகிறது. குழந்தை கேட்டை நட்சத்திரம் முடிகிற வேளையில் பிறந்தது. கேட்டையா, மூலமா என்று சந்தேகம். அவர்கள் வீட்டில் இருப்பது வாக்கியப் பஞ்சாங்கம். கணிப்பு முறை வேறான திருக்கணிதம் என்ன சொல்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்றார். வியாழக்கிழமை சுப்புலக்ஷ்மி சந்தோஷமாக எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் ரமணன் காலி இடத்தைப் பார்த்தான். உடனே கிளம்பினவனை அம்மா நிறுத்தினாள். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்தபிறகு யார் வீட்டிலிருந்தும் எதையும் வாங்கி வரக்கூடாது.

அன்று ராத்திரி அவன் தூங்கவில்லை.

*

சனிக்கிழமை காலை எட்டே முக்காலுக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். ஆபீஸ் இல்லாத நாள். சுப்புலக்ஷ்மி வாசல் ஜன்னலோரம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“எங்கடா?”

“கோபாலபுரம். அந்தப் பஞ்சாங்கத்தை வாங்கிண்டு வந்துடறேன். ஆபீஸ்ல ஒருத்தருக்கு வேணுமாம்.”

“போன வருஷப் பஞ்சாங்கத்துக்கு இத்தனை பேர் அலைவான்னு தெரிஞ்சிருந்தா ரெண்டா வாங்கியிருப்பேனே. ஒம்பது மணிக்கு ராகுகாலம் பொறந்துடும். அதுவும் பொண்ணாத்துக்கு முதல் முதலாப் போறே. பத்தரை ஆகட்டும்.”

அவள் முகத்தில் நேற்றிலிருந்து ஒரு வெளிச்சம் இருந்தது. கணவர் போய் ஆறு வருஷம். பத்துப் பொருத்தத்தில் எட்டு அமைந்த ஜாதகம் இதுதான். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எதிர்த்துப் பேச ரமணனுக்கு வாய் வரவில்லை. காப்பிப்பொடி தீர்ந்துவிட்டது, அரைத்து வா என்று டப்பாவை நீட்டினாள். காப்பிப்பொடிக்கு ராகுகாலம் கிடையாது.

டப்பாவோடு அவன் எஸ்.டி.டி. பூத்துக்குள் நுழைந்து மேன்ஷனுக்குப் போன் செய்தான். மேனேஜர் அப்துல் வஹீத் எடுத்தார். தம்பி குளிக்கிறான், இருங்கள் என்று சொல்லிவிட்டு, மாடிப்படியைப் பார்த்துச் செழியா என்று குரல் கொடுத்தது போனில் கேட்டது. கண்ணாடிக்கு வெளியே பூத்துக்காரப் பெண் வாரப்பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள். அவள் பத்திரிகையின் பக்கத்தைப் புரட்டாமலிருந்த ஒவ்வொரு நிமிஷமும், ஒட்டுக்கேட்கிறாளோ என்று ரமணனுக்குச் சந்தேகமாக இருந்தது.

“இன்னாடா, காலங்காத்தால?”

ரமணன் தணிந்த குரலில், ஒரு புத்தகம் கைமாறிப் போய்விட்டதாகச் சொன்னான். அதற்குள் என்ன இருந்தது என்பதைச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

“எரிச்சிட்டேன்னு சொன்னியே.”

“எட்டு எரிச்சேன்.”

“என் பேர் இருக்குதா அதுல?”

“இருக்கு. என் பேரும் இருக்கு.”

செழியன் மூச்சு விடுவது கேட்டது. “யார் ஊடு?”

“நாளைக்குப் பொண்ணு பார்க்கப் போறோமே, அவாத்துல.”

“நல்லா எடம் பாத்து வெச்சடா.” சிரிக்க முயன்று முடியாமல் போன குரல் அது. பிறகு, “நானும் வரட்டுமா? தெருமுனைல நிக்கறேன்,” என்றான்.

வேண்டாம் என்று ரமணன் வைத்துவிட்டான். அப்படி யாராவது நின்றால் தேவலை என்றுதான் இருந்தது. போன மாசம் ஆபீஸ் கேன்டீனில் ஒருவர் பேப்பரைச் சத்தமாகப் படித்தார். கடற்கரையில் இரண்டு ஆண்களைப் போலீஸ் பிடித்ததாகப் பேரும் வேலையும் போட்டிருந்தது. அதில் ஒருவர் வாத்தியார். எல்லாரும் சிரித்தார்கள். ரமணனும் சிரித்தான்.

*

பத்தரைக்குக் கிளம்பி, லஸ் தாண்டி, ராயப்பேட்டை வழியாக நடந்தே போனான். பஸ்ஸில் தெரிந்தவர் யாராவது பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் பேசவேண்டியிருக்கும்.

வழி நெடுக ஒரே எண்ணம்தான். சுப்பராமன் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வரிவரியாகப் படிப்பவர். படித்திருப்பார். நேற்று ராத்திரியே அம்மாவைத் தேடி வரவில்லை என்றால், அது வெள்ளிக்கிழமை என்பதால்தான்.

கதவைத் திறந்தது அவர் இல்லை. ஸஹானா. போட்டோவில் பார்த்த அதே முகம், மூக்குக்கண்ணாடி மட்டும் கூடுதல். பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு டீச்சர். அவனைப் பார்த்ததும் அவள் திடுக்கிடவில்லை. வாசல் கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு, கூடத்தில் உட்காரச் சொன்னாள். அம்மா பம்பாயில் அக்காவோடு இருப்பதாகவும், அப்பா நாளைக்காகப் பூ சொல்லப் போயிருப்பதாகவும் சொன்னாள்.

உள்ளே போய்ப் பஞ்சாங்கத்தை எடுத்து வந்தாள். செய்தித்தாளில் சுற்றிச் சணல் கட்டியிருந்தது. கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

“அப்பாவுக்குக் கண்ல புரை. பொடி எழுத்து தெரியறதில்லை. நான்தான் தேடிப் படிச்சுச் சொன்னேன்.”

ரமணன் எழுந்து நின்றான்.

“உள்ள இருந்த காகிதம் அப்படியே இருக்கு. அப்பாவுக்குத் தெரியாது.”

“நீங்க படிச்சேளா?”

“படிச்சேன். பாதி படிச்சப்பறம்தான் படிக்கக்கூடாதுன்னு தோணித்து. அதுக்கப்பறம் மீதியையும் படிச்சுட்டேன்.”

அவள் குரலில் கோபம் இருந்தது. அதை அவள் மறைக்கவில்லை. ரமணன் தரையைப் பார்த்தான். சிவப்புச் சிமெண்டுத் தரையில் நாளைக்காகக் கோலத்துக்குப் புள்ளி வைத்திருந்தது. ஏதாவது கேட்டுக் கெஞ்ச நினைத்தான். எதைக் கேட்பது என்று தெரியவில்லை.

“ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கோ. நாளைக்கு நாலு மணிக்கு வந்து, சொஜ்ஜியைச் சாப்பிட்டுட்டு, பொண்ணைப் பிடிச்சிருக்குன்னு சொல்லியிருப்பேளா?”

பொய் சொல்லியிருக்கலாம். அவனைக் காப்பாற்றியிருக்கக்கூடிய பொய் அதுதான்.

“சொல்லியிருப்பேன்,” என்றான். “அம்மா முகத்தைப் பார்த்துட்டுச் சொல்லியிருப்பேன்.”

ஸஹானா தலையை ஆட்டினாள். “கல்யாணம் பண்ணிண்டா ஒரு பொண்ணு கிட்ட ஆயுசு பூராவும் பொய் சொல்லணும், அந்தப் பாவத்தை மட்டும் பண்ணாதேன்னு எழுதியிருக்கார். அவருக்கு என்னைத் தெரியாது. என்னை நெனைச்சு ஒரு வரி எழுதினது அவர்தான். நீங்க இல்லை.”

அவள் பஞ்சாங்கத்தை நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். சணல் முடிச்சு இறுக்கமாக இருக்கிறதா என்று அவன் இழுத்துப் பார்த்ததை அவள் பார்த்தாள். பார்த்த பிறகு அவள் குரல் கொஞ்சம் இறங்கியது.

“யார்கிட்டயும் சொல்லமாட்டேன். பயப்படாதீங்கோ.”

அப்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சுப்பராமன் வந்துவிட்டார். அவனைக் கண்டதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. வாங்கோ வாங்கோ என்று இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளை என்று இப்போதே கூப்பிடக்கூடாது, நாளை நாலரை மணிவரை பொறுத்துக்கொள்கிறேன் என்றார். பேத்தியின் நட்சத்திரக் கதையைச் சொன்னார். திருக்கணிதம் குழந்தையை மூலம் என்கிறதாம், வாக்கியம் கேட்டை என்கிறதாம்.

“நாப்பது வருஷம் கணக்கு சொல்லிக் குடுத்தவன். ஒரே கணக்குக்கு ரெண்டு விடை வந்து நிக்கறது பாருங்கோ. நான் வாக்கியத்தோடயே இருந்துடறதுன்னு தீர்மானம் பண்ணிட்டேன்.”

“அப்பா,” என்றாள் ஸஹானா. “நாளைக்கு அவா வரவேண்டாம். எனக்கு இதுல இஷ்டமில்லை.”

சுப்பராமன் பாதிச் சிரிப்போடு அவளைப் பார்த்தார். விளையாட்டு என்று நினைத்திருக்கவேண்டும். பிறகு சிரிப்பு போயிற்று.

ஏன் என்று கேட்டார். இஷ்டமில்லை என்றாள். வீடு தேடி வந்தவர் முன்னால் பேசுகிற பேச்சா என்றார். அதற்கும் அதே பதில். போன வருஷம் மூன்று இடம் தட்டிப்போனது, நாலாவதாக இது தானாகக் கனிந்து வந்தது, உனக்கு என்ன அகம்பாவம் என்று அவர் குரல் உயர்ந்து, உடனே உடைந்தது. அவர் கேட்ட காரணம் சணல் கட்டிய பஞ்சாங்கமாக ரமணன் கையில் இருந்தது. ஸஹானா அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாமா, தப்பு என்னுடையது என்று. ரமணன் வாயைத் திறந்தான். கேன்டீன் சிரிப்பு காதில் கேட்டது. வாயை மூடிக்கொண்டான்.

சுப்பராமன் அவனைப் பார்த்துக் கைகூப்பினார். “மன்னிச்சுக்கணும். அம்மாகிட்ட நானே வந்து சொல்றேன்.”

வயதில் பெரியவர், தவறு செய்யாதவர், தவறு செய்தவனைப் பார்த்துக் கைகூப்புகிறார். ரமணனும் கைகூப்பினான். வெளியே வந்தான்.

தெருக்கோடியில் ஒரு மரத்தடியில் நின்று கட்டைப் பிரித்தான். கடிதம் ஆவணி மாசப் பக்கத்திலேயே இருந்தது. கடிதத்தை நடுவில் விட்டு, இரண்டு பக்கங்களையும் சேர்த்து மூன்று ஓரங்களிலும் குண்டூசி குத்தியிருந்தாள். யார் எடுத்து உதறினாலும் விழாது. எத்தனை கோபத்துக்கு நடுவே எத்தனை பொறுமையாக அந்த ஊசிகள் இறங்கியிருக்கின்றன என்று அவன் பார்த்துக்கொண்டே நின்றான். மனிதர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்கிற நன்மைகள் பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கின்றன. குண்டூசி அளவில். கடவுளுக்கு அது போதும் என்றுதான் தோன்றுகிறது.

*

இரண்டு மணிக்குச் சுப்பராமன் ஆட்டோவில் வந்து, உட்காராமல், தண்ணீர்கூடக் குடிக்காமல், சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சுப்புலக்ஷ்மி அழவில்லை. அழுதிருந்தால் ரமணனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். நாளைக்கென்று எடுத்து வைத்திருந்த பட்டுப்புடவையை மடித்து உள்ளே வைத்தாள். பூஜை அலமாரிக் கதவைச் சாத்தினாள். பிறகு வந்து அவன் எதிரில் நின்றாள்.

“கார்த்தால போனியே. அங்க என்ன பார்த்தே?”

“ஒண்ணும் பார்க்கலை.”

“அந்தப் பொண்ணு ஏதாவது சொன்னாளா?”

“இல்லைம்மா.”

“எட்டுப் பொருத்தம் இருக்கற ஜாதகத்தை ஒரு பொண்ணு வேண்டாங்கறான்னா ஒரே காரணம்தான். அவ மனசுல வேற யாரோ இருக்கான்.”

“அப்படியெல்லாம் இல்லை,” என்றான் ரமணன். அவன் குரல் அவனுக்கே பலவீனமாகக் கேட்டது.

“உனக்கு எப்படித் தெரியும்?”

அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு எப்படித் தெரியும் என்பதைத் தவிர வேறு எதையும் அவளிடம் சொல்லத் தடையில்லை.

சுப்புலக்ஷ்மி மேஜையில் உட்கார்ந்து ஒரு தபால் அட்டை எழுதினாள். கெட்டவள் இல்லை அவள். வாசலில் வந்து நிற்கிற எவரையும் வெறும் வயிற்றோடு அனுப்பினதில்லை. தன் பிள்ளையை ஒருத்தி வேண்டாம் என்று சொன்ன வலியை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் எழுதினாள். முகவரி, வடபழனியில் இருக்கும் கிச்சாவுடையது. அவளுக்கு ஒன்றுவிட்ட தம்பி. முருகன் கோயில் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் அவர் இல்லாத முகூர்த்தம் கிடையாது. ஜாதகங்களை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்ப்பவர். தனக்கு வருகிற அட்டைகளைப் பந்தியில் உட்கார்ந்து நாலு பேருக்குப் படித்தும் காட்டுவார். இந்த எட்டுப் பொருத்தத்தைக் கண்டுபிடித்தவரும் அவர்தான்.

நாலரை மணிக்குப் பெட்டியைத் திறந்து எடுக்கிற தபாலில் போகட்டும் என்று சொல்லி, ரமணன் கையில் அட்டையைக் கொடுத்தாள்.

*

தபாலாபீஸில் கவுண்டரை மூடப்போகிற நேரம். கூடத்தில் யாரும் இல்லை. உள்ளே ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு முத்திரை குத்திக்கொண்டிருந்தார். ரமணன் அட்டையைப் படித்தான்.

‘சி. கிச்சாவுக்கு அநேக ஆசீர்வாதம். கோபாலபுரத்துப் பெண் மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவளுக்கு வேறு எங்கேயோ மனசு என்று தெரிகிறது. இந்த இடத்தை இனி யாருக்கும் சொல்லாமலிருப்பது நல்லது.’

வேறு எங்கேயோ மனசு. அம்மா எழுதியதில் பொய் இல்லை. வீடுதான் மாறியிருந்தது.

இந்த அட்டை திங்கட்கிழமை வடபழனிக்குப் போகும். அடுத்த முகூர்த்தத்துக்குள் மயிலாப்பூர் முழுக்கத் தெரிந்துவிடும். அதன்பிறகு ஸஹானாவை யாரும் பார்க்க வரமாட்டார்கள். வந்தாலும் ஒரு கேள்வியோடுதான் வருவார்கள். அவளும் வாயைத் திறக்கமாட்டாள். திறக்கமாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள்.

அவனுக்கோ, அட்டையைப் பெட்டியில் போட்டுவிட்டால் பயம் விட்டது. பழி ஒரு முகவரிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இனி யாரும் அவனைப் பார்த்து எதுவும் கேட்கமாட்டார்கள். இரண்டு மூன்று வருஷத்துக்காவது, மனசு விட்டுப்போன பிள்ளை என்று அம்மாகூட வரன் பேச்சை எடுக்காமல் இருப்பாள்.

ரமணன் கவுண்டரில் ஒரு வெற்று அட்டை வாங்கினான். சாய்வு மேஜைக்குப் போய், நூலில் கட்டியிருந்த பேனாவை எடுத்தான்.

ஜாதகம் பொருந்தவில்லை என்று எழுத முடியாது. யாரையும் நோகடிக்காமல் விலகுவதற்கு நம் வீடுகளில் வைத்திருக்கிற வார்த்தை அதுதான். ஆனால் பொருத்தம் பார்த்ததே கிச்சா மாமா. அந்த வாசல் அடைத்துவிட்டது. மிச்சம் இருந்தது ஒரே வாசல்.

எழுதினான். பேனா இரண்டு தடவை நின்றது. உதறி உதறி எழுதினான்.

‘கிச்சா மாமாவுக்கு ரமணன் அநேக நமஸ்காரம். கோபாலபுரத்து இடம் என்னால்தான் நின்றுபோயிற்று. நான்தான் வேண்டாம் என்றேன். அந்தப் பெண் பேரிலோ அவள் அப்பா பேரிலோ எள்ளளவு குறையும் கிடையாது. இவ்வளவு நல்ல மனிதர்களை நான் பார்த்ததில்லை. யார் கேட்டாலும் இதையே சொல்லுங்கள். அவளுக்கு நல்ல இடமாகப் பாருங்கள். காரணம் முழுக்க என்னுடையது.’

கடைசி வரியைத் திரும்பப் படித்தான். கிச்சா மாமா கேட்காமல் விடுகிறவர் இல்லை. என்ன காரணம் என்று வீட்டுக்கே வந்து நிற்பார். அம்மா பக்கத்தில் இருப்பாள். தான் எழுதின அட்டை எங்கே என்று அவளும் கேட்பாள். அந்த நாளில் தன் வாயிலிருந்து என்ன வரும் என்று ரமணனுக்குத் தெரியவில்லை. அந்த வரியை அடித்துவிடலாமா என்று பேனாவை அதன்மேல் கொண்டுபோனான். அடித்தால் பழி மறுபடி யார் தலைமேலும் போய் உட்காரலாம். பேனாவைத் தாங்கியில் வைத்துவிட்டான்.

அம்மாவின் அட்டையை நாலாகக் கிழித்தான். அவள் கையெழுத்தைக் கிழிப்பது அதுதான் முதல் தடவை. துண்டுகளைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

வெளியே சிவப்புப் பெட்டி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. தெருவில் இரண்டு பேர் போனார்கள். அவர்கள் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்தான். பிறகு அட்டையைப் பெட்டியின் வாயில் பாதிவரை நுழைத்து, முனையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றான்.

தபால்காரரின் சைக்கிள் மணி எங்கோ கேட்டது. அட்டையை விட்டுவிட்டான்.